வாசல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ

இரண்டு வருடத்துக்கு முன்னால், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஆனி மாதத்தில் ஒரு காலை. தென்காசியில் எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அப்பா லோடு வண்டியில் செங்கோட்டை தாண்டிப் போயிருந்தார். நல்ல கேமரா போனோடு வருவதாகச் சொன்ன கடையநல்லூர் நண்பன் வரவில்லை; கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தேன். என் முகத்தை நானே வரைந்து, எந்தப் போட்டோவைப் பார்த்து வரைந்தேனோ அதையும் சேர்த்து அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். ஸ்டூடியோ படம் கூடாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இது தவறினால் அப்பாவோடு லோடு ஏற்றப் போக வேண்டியதுதான்.

செல்ஃபி எடுத்தால் மூக்கு மட்டும் பெரிதாகிக் காதுகள் பின்னால் ஒளிந்துகொண்டன. போதாததற்கு போனே முகத்தை வெளுப்பாக்கி, நெற்றித் தழும்பையும் அழித்துவிட்டது. அந்த வசதியை அணைத்துவிட்டு ஜன்னலில் சாய்த்து வைத்தேன், காற்றில் விழுந்தது. யாராவது நாலடி தள்ளி நின்று எடுக்க வேண்டும். வெளிச்சமும் ஒரு பக்கமிருந்து வர வேண்டும். அப்போதுதான் முகத்தின் மேடு பள்ளம் தெரியும். எங்கள் வீட்டுக்குள் வெளிச்சம் வர வாசலை விட்டால் வழி கிடையாது. சாரல் காலத்து வெயிலோ எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும்.

அம்மா குற்றாலத்துப் பழக்கடைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "எம்மா, ஒரே ஒரு போட்டோ" என்று போனை அவள் கையில் திணித்துவிட்டு, வாசலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தேன்.

"ஏலே, பாதி மூஞ்சி இருட்டா கெடக்குலே. ஆதார் எடுக்கையில ரெண்டு காதும் தெரியணும்னு என்ன சத்தம் போட்டாவ!" என்றவள் டியூப் லைட்டைப் போட்டுவிட்டாள். முகம் தட்டையாகிவிட்டது.

"அத அணைம்மா!"

"அணைச்சா காலேஜுல கள்ளன்னு நெனைப்பாவ. பவுடராவது பூசுலே."

நானே எழுந்து அணைத்தேன். அதற்குள் வெயில் போய்விட்டது. மறுபடி வந்தபோது அம்மா தன் கட்டைவிரலைப் படம் எடுத்திருந்தாள். நான் தெருவுக்கு ஓடி வானத்தைப் பார்ப்பதும், வந்து உட்காருவதுமாக இருந்தேன்.

"பேன் புடிச்ச கொரங்கு கணக்கா அலையாதலே. ஒரு எடத்துல இரு."

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். 'நீ போம்மா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அடுத்த பஸ்ல போனா கடை அண்ணாச்சி வேற ஆள நிறுத்திருப்பாரு. போனது போவுது, நீ மூஞ்ச காட்டு" என்றாள்.

வெயில் வந்தது. அவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசற்படிக்கே போய்விட்டாள். "எம்மா, நிழல் விழுது, தள்ளு!" என்று கத்துவதற்குள் அழுத்திவிட்டாள். அதோடு மழை பிடித்துக்கொண்டது. வெயில் அன்றைக்குத் திரும்பவே இல்லை.

படத்தில் மூக்கு மூக்கின் அளவில் இருந்தது. கண்ணுக்குள் வாசல் சின்னச் சதுரமாக மின்னியது. ஆனால் காதுக்குக் கீழே தோள் வரைக்கும் அம்மாவின் நிழல், கொண்டையும் தூக்கிய முழங்கையுமாக. அதை விட்டுவிட்டு வரைந்து பார்த்தேன். முகம் காகிதத்தில் ஒட்டிய பொம்மை போல இருந்தது. அழித்துவிட்டு நிழலையும் சேர்த்தேன். கழுத்துக்குத் திரட்சி வந்தது, முகம் முன்னால் வந்தது.

நேர்முகத் தேர்வில் ஒரு பேராசிரியை, "தோளில் இது என்ன?" என்று கேட்டார்.

"எங்கம்மா, மேடம். போட்டோ எடுத்தது அவங்கதான்."

அவர் மறுபடியும் படத்தை வாங்கிப் பார்த்தார். எனக்கு இடம் கிடைத்தது.

இப்போது நல்ல கேமராக்கள் கைக்கு வருகின்றன. ஆனாலும் ஒரு முகத்தை வரைய உட்காரும்போதெல்லாம், வெளிச்சம் எனக்குச் சும்மா கிடைக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். அன்று அதற்கு ஆன செலவு, சீசன் நேரத்தில் அம்மாவின் ஒரு நாள் கூலி, நானூற்றைம்பது ரூபாய்.