நான் சிஸ்டம் டிஸ்க்

எங்கள் தெருவில் இங்கிலீஷ் மீடியம் படித்த முதல் ஆள் நான்தான். அகரத்திலிருந்து திண்டுக்கல்லுக்குப் பள்ளிக்கூட வேனில் போய் வந்தேன். அதனால் மாத்திரை அட்டையிலிருந்து உர மூட்டை வரைக்கும் எதில் இங்கிலீஷ் இருந்தாலும் வீட்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் புரிகிறதோ இல்லையோ, சத்தமாகப் படித்துவிடுவேன். சத்தமாகப் படித்தால் சரியாகப் படித்ததாகிவிடும் என்று நம்பிய வயது. நாலாம் வகுப்பு.

அந்த வருடம்தான் அண்ணன் இறந்துபோனான். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவன், பைக்கில் போகும்போது பைபாஸில் அடிபட்டுவிட்டான். அடம்பிடித்து அவன் வாங்க வைத்த கம்ப்யூட்டர் மட்டும் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு மேசையில் இருந்தது.

அதற்குள் அவன் குரல் இருந்தது. மைக் வாங்கி வந்த அன்று சோதித்துப் பார்ப்பதற்காகப் பேசியது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. “ஹலோ, மைக் டெஸ்டிங்... எம்மா, இன்னிக்கி என்ன வெஞ்சனம்?” என்று கேட்பான். தூரத்தில் அடுப்படியிலிருந்து அம்மா, “கத்திரிக்காடா” என்பாள். “இன்னிக்குமா?” என்று சிரிப்பான். அவ்வளவுதான்.

தினமும் விளக்கேற்றியதும் அம்மா அதைப் போட்டுக் கேட்பாள். எதை அமுக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அப்பா அந்த நேரம் பார்த்து வெளியே கிளம்பிவிடுவார். அண்ணன் பேசி முடித்ததும் அம்மா அன்றைய சமையலைச் சொல்வாள். “அவரைக்கா வச்சிருக்கேன் அப்பு.” “இன்னிக்கி முட்டை.” பிறகு மறுபடி போடுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். படம் வரைய எனக்கும் அந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். அது போக, என்னிடம் அவள் ஒரு நாளும் அப்படிக் கனிவாகச் சமையலைச் சொன்னதில்லை.

பள்ளியில் ஆளுக்கொரு பிளாப்பி கொடுத்திருந்தார்கள். படத்தை வரைந்து அதில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். சின்னச் சதுரத் தகடு அது. கம்ப்யூட்டருக்குள் தள்ளினால் முழுசாக விழுங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கிளி வரைந்து பிளாப்பியில் ஏற்றி முடித்தேன், கரண்ட் போய்விட்டது. அப்படியே எழுந்து விளையாடப் போனேன். அன்று ராத்திரி வரைக்கும் கரண்ட் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மா கம்ப்யூட்டரைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து இரண்டு வரி வந்து அப்படியே நின்றுவிட்டது. மாமாவுக்குப் போன் போட்டோம். மாமா அம்மாவின் தம்பி. ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டுத் திண்டுக்கல்லில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன போட்டிருக்கு? அப்படியே படி.”

“நான் சிஸ்டம் டிஸ்க்...”

“நீ சிஸ்டம் டிஸ்க்கா? ஒழுங்காப் படி புள்ள.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த முதல் சொல் எனக்கும் புரியவில்லை. அதை விட்டுவிட்டு மிச்சத்தில் தெரிந்ததை மட்டும் படித்தேன். “டிஸ்க் எரர். ரீப்ளேஸ்.”

மாமா உடனே முடிவு கட்டிவிட்டார். “டிஸ்க்கு போச்சு. அதுவே மாத்தச் சொல்லுது பாரு. இனிமே அதை ஆன் பண்ணக் கூடாதுன்னு அக்காகிட்டச் சொல்லு. பண்ணப் பண்ண உள்ள இருக்குறதும் அழிஞ்சுரும். சனிக்கிழமை வாரேன்.”

அம்மா துணியைப் போர்த்தினாள். ஐந்து நாளும் அதன் பக்கத்தில் போகவில்லை, தூசிகூடத் தட்டவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு. காலையில் துணிக்குள் கையை விட்டு, வெளியே தள்ளும் பொத்தானை அமுக்கிப் பிளாப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். என் கிளிக்கு டீச்சர் ஸ்டார் போட்டார்.

சனிக்கிழமை மாமா புது டிஸ்க்கோடு வந்தார். ஆன் பண்ணிப் பார்க்கவே இல்லை, பார்த்தால் அழிந்துவிடுமே. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி, எல்லாம் ஏற்றி முடித்தார். கம்ப்யூட்டர் ஓடியது. “பாத்தியாக்கா, நான் சொன்னேன்ல” என்று சிரித்தார்.

“அவன் பேசுனது எங்கடா தம்பி?” என்றாள் அம்மா.

மாமா சிரிப்பை நிறுத்தினார். பழைய டிஸ்க்கின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே வட்டமாக ஒரு தகடு கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. எட்டிப் பார்த்தேன், என் முகம் தெரிந்தது. மாமா கைக்குட்டையால் அதை நன்றாகத் துடைத்தார். மூடி, திரும்ப மாட்டினார். கரகரவென்று சத்தம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. அண்ணனைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். “உள்ள தேஞ்சு போச்சுக்கா” என்றார்.

அம்மா அழவில்லை. “நாந்தான் தேச்சுட்டேன். தெனமும் போட்டுப் போட்டு நாந்தான் தேச்சுட்டேன்” என்றாள். கேட்டுக் கேட்டுக் கேசட் தேய்ந்து போவதை அவள் பார்த்திருக்கிறாள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தாள். இல்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. இனிமேல் சாயங்காலமும் நான் படம் வரையலாம் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்கே பிடிக்காமல் போகிறது.

இப்போது நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அங்கிருக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதே இரண்டு வரி வந்து நின்றது. டிஸ்க் போய்விட்டது என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். பழுது பார்க்க வந்தவர் குனிந்து, பின்னால் செருகியிருந்த பென் டிரைவை உருவினார். ஒரு பட்டனைத் தட்டினார். ஓடத் தொடங்கியது.

“நான்-சிஸ்டம்னா சிஸ்டம் இல்லாத டிஸ்க்குன்னு அர்த்தம் மேடம். இந்தப் பென் டிரைவுக்குள்ள போயித் தேடிருக்கு. உள்ள இருக்குற டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு. குறுக்க கெடக்குறத எடுத்துட்டாப் போதும்” என்றார்.

கிளி இருந்த என் பிளாப்பி ஞாபகத்துக்கு வந்தது. அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் அகரம் போனேன். அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், என் மகள் பள்ளியில் பாட்டுப் பாடிய வீடியோவைப் போனில் காட்டினேன். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி போடப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும்டி. தேஞ்சுரும்.”

“அம்மா, நான்...” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். நான் படித்துச் சொல்வதற்காக முன்பெல்லாம் காத்திருப்பாளே, அதே போலக் காத்திருந்தாள். அதற்கு மேல் எனக்குப் படிக்க வரவில்லை.