ஞானமுத்து கட்டப்போன சுவர்

கொழும்பு கொட்டாஞ்சேனை மேசன் ஞானமுத்து, தொண்ணூற்றேழில் ஒரு சனிக்கிழமை, தன் தேவாலயச் சபையாரின் ஊழியப் பயணத்தில் இரத்மலானைக்குப் போனார். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு எல்லாருமாகக் கூலியில்லாமல் வகுப்பறை கட்டினார்கள். மத்தியானம் பொலிஸார் வந்து அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். அவருடையதில் மட்டும் பிறந்த இடம் கிளிநொச்சி; வடக்கில் பிறந்தவர் என்றாலே புலி என்று பொலிஸார் சந்தேகித்த காலம்.

போதகர் சிங்களத்தில் எவ்வளவோ மன்றாடியும் விடவில்லை. ஜீப்பில் ஏறும்போது ஞானமுத்து திரும்பிப் பார்த்தார்.

"பாஸ்டர், குழைச்ச சீமெந்து இறுகிப்போகும். என்னைப் பாத்துக்கொண்டு நிக்காமல் கட்டுங்கோ."

சபையார் அழுதபடியே கட்டினார்கள்.

பதினேழாம் நாள் அவரை விட்டார்கள். வலது கை தோளுக்குமேல் எழவில்லை. "என்னப்பா செய்தவங்கள்?" என்று மனைவி கிருபைமணி கேட்டாள். அவர் இடது கையால் சட்டையை மாட்டிக்கொண்டார். அடுத்த மாதம் அவள் வெள்ளவத்தையில் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினாள்.