செங்கல் வரிசையில் ஓர் இடம்

குயென் செய்வதைச் சிற்பம் என்று ஒப்புக்கொள்ள ஹனோயில் பலருக்கு இன்னும் மனம் வருவதில்லை. இடித்த வீடுகளிலிருந்து பழைய செங்கற்களைப் பொறுக்கி வருவாள். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு பெயர் எழுதி வரிசையாக வைப்பாள். அவ்வளவுதான். இதற்கா பத்திரிகையில் அரைப்பக்கம் என்று அவளுடைய தம்பியே கேட்டிருக்கிறான்.

ரேஷன் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கடை திறக்கும்வரை வரிசையில் ஆள் நிற்க வேண்டாம், பெயரெழுதிய கல் நின்றால் போதும். அந்தக் கல்லை நகர்த்துவது ஆளையே பிடித்துத் தள்ளுவதற்குச் சமம்.

குயென் தள்ளியிருக்கிறாள். ஒன்பது வயதில், புத்தாண்டுக்கு முந்தின வாரம், கறிக்கடை வாசலில். அம்மா கொடுத்தனுப்பிய கல்லை வரிசையின் கடைசியில் வைக்காமல், பக்கத்து வீட்டு லுவா பெரியம்மாவின் கல்லைச் சாக்கடையில் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வைத்தாள். கறி அவளோடு தீர்ந்துபோனது. புத்தாண்டுக்கு இலையில் கட்டி வேகவைக்கும் அரிசிப் பொட்டலத்துக்குள் லுவா வீட்டில் அந்த வருடம் கறி இல்லை, வெறும் பயறுதான். குயென் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதனால்தான் அவள் வைக்கும் எல்லா வரிசையிலும் ஒரு கல் அளவுக்கு இடம் காலியாக இருக்கும். கண்காட்சிப் பொறுப்பாளர் லாம் மெத்தப் படித்தவன். அந்த இடைவெளியைப் பற்றி நான்கு பத்தி எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டான். வரலாற்றின் மௌனம் என்றெல்லாம் அதில் வருகிறது. குயென் திருத்தவில்லை. அதற்காக வெட்கமும் பட்டாள்.

இந்த முறை லுவாவுக்கு அழைப்பிதழ் அனுப்பினாள். கிழவிக்கு எண்பத்து மூன்று வயது. வந்தால் சொல்லிவிடுவது என்று முடிவு. நாற்பது வருடம் போதும்.

கிழவி பிளாஸ்டிக் கூடையோடு வந்தாள். கல் வரிசையைப் பார்த்துவிட்டு, முன்னால் என்ன கொடுக்கிறார்கள் என்று காவலாளியிடம் விசாரித்தாள். ஒன்றுமில்லை என்றதை அவள் நம்பவில்லை. காலி இடத்தைக் கண்டதும் கை தானாகவே கூடையை அங்கே வைத்தது.

குயென் கிழவியின் பக்கத்தில் போய் நின்றாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

"பெரியம்மா, அன்னிக்கு கறிக்கடையில உங்க கல்லைத் தள்ளினது நான்தான்."

"தெரியும்டி. நான் மட்டும்தான் நீலத்துல பேர் எழுதுவேன். சாயங்காலம் பாத்தா உன் கையெல்லாம் நீலம்."

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"கேட்டு? கறி உங்க வயித்துக்குள்ள போயாச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. மறந்துவிட்டதாகவும் சொல்லவில்லை. மன்னிப்பு என்ற ஒற்றைச் சொல்லுக்காகக் குயென் காத்து நின்றாள். அது வருவதாகத் தெரியவில்லை.

"கால் வலிக்குது. வெளியில போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன். என் இடத்தைப் பாத்துக்க, இந்தத் தடவையாவது."

கிழவி போனதும் லாம் ஓடிவந்தான். எவரோ படைப்புக்குள் கூடையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று முணுமுணுத்தபடி குனிந்தான்.

"தொடாதே. அங்க லுவா பெரியம்மா நிக்கறாங்க" என்றாள் குயென்.

கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. படம் எடுக்கப் பத்திரிகைக்காரர்கள் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். குயென் கூடையை விட்டு நகரவில்லை. ஒரு டீ குடிக்க லுவா ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.