இசக்கி பஸ் ஏறி வந்தான்

நெல்லைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். இறுதியாண்டில் சுடலை, பார்வதி, இசக்கி மூவரும் சேர்ந்து ஒரு புரொகிராம் எழுதியிருந்தார்கள். தேர்வாளர் வரும் அன்று காலையில் பார்த்தால், கம்ப்யூட்டரில் அது இல்லை. இசக்கியையும் காணவில்லை. போனை அவன் எடுக்கவே இல்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. லேசாகக் கடிந்தாலே முகம் வாடிப்போகிற பிள்ளை அவன்.

சுடலை கோபத்தில் கத்தினான். பார்வதிதான், "புரொகிராமைப் பொறவு பாக்கலாம்லே. மொதல்ல அவன் எங்கன இருக்கான்னு பாப்போம்" என்று முக்கூடலில் இருக்கும் அவன் அம்மாவுக்குப் போன் போட்டாள். விடிந்ததும் ஆற்றுக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை என்றார் அம்மா. சுடலையின் கோபம் அப்படியே அடங்கிப்போனது.

அம்மா படித்துறைக்கு ஓடி, அவனிடம் போனைக் கொடுத்தார். "தெரியாம அழிச்சிட்டேன். உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று அழுதான்.

"ஏலே, நீ இல்லாம எங்களுக்குத் திருப்பி எழுதத் தெரியுமா? பைய பஸ் ஏறி வா. காத்துக்கிட்டிருக்கோம்" என்றான் சுடலை.

வந்தான். மூவரும் தேர்வாளரிடம் உள்ளதைச் சொன்னார்கள். அவர் மறுநாள் வரை அவகாசம் தந்தார். மதிப்பெண் குறைந்தாலும் பாஸாகிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் முதல் லேப் வகுப்பில், கம்ப்யூட்டரைத் திறக்குமுன் ஒவ்வொருவரும் தாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் 'ஏன் செஞ்சே?' என்று கேட்கக் கூடாது. 'இப்ப என்ன செய்யணும்?' என்றுதான் கேட்கலாம்.

போன வாரம் ஒரு மாணவி லேப் வாசலில் நின்றே, "மிஸ், ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றாள். நான் வாய் திறக்குமுன், தோழி அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள்.