கலிபோர்னியா போன பெட்டி

காலையில் பல் துலக்கிக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தேன். ஹாலிவுட் இயக்குநரான அந்தக் கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தொண்ணூறு தாண்டியவர். வருஷத்துக்கு ஒன்றிரண்டு என்று படமாக எடுத்துத் தள்ளியவர். குதிரைப் படம், பேய்ப் படம், யுத்தம், காதல், எதையும் விட்டுவைக்கவில்லை. அவர் பெயர் இன்றுவரை என் வாயில் சரியாக நுழைந்ததில்லை. ஆனாலும் அழுகை வந்தது. அவருக்காக இல்லை, இசக்கிக்காக.

இரண்டாயிரத்து நாலைந்தில் மண்ணரை என்ற இடத்தில் நானும் இசக்கியும் ஒரே அறை, ஒரே பனியன் கம்பெனி. தெற்கத்திக்காரனான அவன் பேக்கிங்கில் பெட்டி கட்டுவான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி பார்த்த எனக்கு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி. ஞாயிறானால் வாடகை சிடியில், தமிழில் டப் செய்த அந்தக் கிழவரின் படங்கள். திரையில் வரும் ஆங்கில எழுத்துகளை நான் சத்தமாக வாசிப்பேன், கொஞ்சம் கர்வமாகவே. வாசிக்கத் தெரியாத இசக்கிக்கு எழுத்தே வேண்டாம். "எந்தப் படம்னாலும் கடைசில எல்லாத்தையும் உக்கார வச்சு சோறு போட்டுருதாருல்லா" என்பான்.

வயதாகிவிட்டதென்று அவர் படம் எடுப்பதை நிறுத்திவிடக் கூடாது என்பது அவன் கவலை. அதையே ஆங்கிலத்தில் கடிதமாக எழுதித் தரச் சொன்னான். எழுதி, இரண்டு முறை வாசித்தும் காட்டினேன். முகவரிக்கு எங்கே போவது? கலிபோர்னியா போகும் ஆர்டர் பெட்டியில் பனியன்களுக்கு நடுவே வைத்து ஒட்டிவிட்டான். அந்த ஊருக்குப் போய்விட்டால் யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. படித்த லட்சணம்.

சரக்கு வாங்கிய பையரின் புகாரோடு கடிதத்தின் படம் மின்னஞ்சலில் திரும்பி வந்தது. மேனேஜர் அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு இருவரையும் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, நீ படிச்சவன். இது யாரு எழுத்து?"

"தெரியலீங்க" என்றேன்.

இசக்கி என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தான் சார் எழுதுனேன்."

மேனேஜர் சிரித்துவிட்டு, அப்படியானால் வாசித்துக் காட்டு என்று தாளை நீட்டினார். வாங்கிக்கொண்டான். 'டியர் சார்' தொடங்கிக் கடைசி வரி வரைக்கும், ஒரு சொல் விடாமல் சொன்னான். நான் செய்த உச்சரிப்புத் தப்புகள்கூட அப்படியே இருந்தன.

மதியமே அவன் வேலை போயிற்று. வாசல் வரை பின்னால் ஓடினேன்.

"ஒங்க வீட்ல நீ ஒருத்தந்தாம்ல படிச்சவன். போ, போயி வேலையப் பாரு" என்றான்.

சாயங்காலம் அறைக்குப் போனபோது அவன் பையும் பாயும் இல்லை.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். சிடிக்கடை போயிற்று. நாங்கள் தங்கியிருந்த லைன் வீட்டையும் இடித்துவிட்டார்கள். அந்த இயக்குநரின் படங்களை வரிசையாகச் சொல் என்றால் இப்போதும் சொல்வேன். இசக்கிக்கு எந்த ஊர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.