பாலோ சாலையில் ஐஸ் கட்டி

ஜொகூரில் யாருக்கு ஹீட்டர் வேண்டும்?

இந்தக் கேள்வி எனக்கு உதித்தது மாசாய் சிக்னல் ஒன்றில், பச்சை விளக்குக்காகக் காத்திருந்தபோது. இடது காலில் ஏதோ சொட்டியது. வெதுவெதுப்பாக, லேசான தித்திப்பு வாசனையோடு. குனிந்து பார்த்தேன் — ரேடியேட்டர் தண்ணீர். இன்ஜினுக்குள் சுற்ற வேண்டிய தண்ணீருக்கு என் செருப்பில் என்ன வேலை?

வீட்டுக்கு வந்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுத் தேடியதில் விஷயம் புரிந்தது. குளிர் நாட்டுக்காரர்களையும் மனதில் வைத்துச் செய்த வண்டி இது. இன்ஜினின் சுடுதண்ணீரைக் குழாய் வழியாக உள்ளே கொண்டுவந்து, உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெதுவெதுப்பான காற்றைக் கொடுக்க ஒரு ஹீட்டர். அதில்தான் ஓட்டை.

நம் ஊரில் ஏர்கான் போனால் அழலாம். ஹீட்டர் போனால் யார் அழுவார்?

ஸ்குரூடிரைவரை எடுத்தேன். இன்ஜினிலிருந்து கிளம்பும் குழாயைக் கழற்றினேன். திரும்பி வரும் குழாயையும் கழற்றினேன். இன்ஜினின் இரண்டு வாய்களையும் ஒரு சின்ன ரப்பர் குழாயால் வளைத்து இணைத்துவிட்டேன். இருபது நிமிட வேலை. சொட்டுவது நின்றது. படித்த படிப்பு வீண் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் ஃபோர்வீல் ஜீப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே புலம்பியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு முறை: அதற்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்ததை, மாசாயில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் நசீர் பாய் கேஸுக்கு மாற்றிக் கொடுத்தார். பின்பக்கம் மூன்று சிலிண்டர். நிறைய அடித்தால் குளுவாங் தாண்டிப் பாலோ வரை போய்த் திரும்பலாம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். இந்தப் பக்கம் தட்டினால் கேஸ், அந்தப் பக்கம் தட்டினால் பெட்ரோல்.

ஆனால் கேஸ் வண்டி வைத்திருக்கும் பலரும் செய்யும் தப்பை நானும் செய்தேன். அந்தப் பக்கம் தட்டவே இல்லை. டாங்கில் கிடந்த பெட்ரோல் பழசாகி, கார்புரேட்டரில் பசை பிடித்துவிட்டது. இப்போது தட்டினால் இருமும்... அணையும்.

ஹீட்டரைத் துண்டித்த அதே வாரம் வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது.

நீங்கள் இப்போது புருவத்தை உயர்த்துகிறீர்கள். நான் அப்போது உயர்த்தவில்லை. அதுதான் இந்தக் கதை.

ஊருக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. ஹைவேயில் ஏறி இருபது நிமிடம் ஓடியதும் இழுவை குறையும். மேட்டில் மூச்சு வாங்கும். பிறகு அப்படியே அமைதி. ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, முகத்தைத் துடைத்து, கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் — எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். வண்டிக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. நின்றுபோன வண்டியிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: பொறி வருகிறதா, எரிபொருள் வருகிறதா, காற்று வருகிறதா? பிளக்குகளைக் கழற்றிப் புதுசு மாட்டினேன். கேஸுக்குப் பொறி வலுவாக இருக்க வேண்டும் என்று படித்து, பிளக் வயர்களையும் மாற்றினேன். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தேன். கேஸ் வால்வு திறக்கும் ‘டக்’ சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டேன். எல்லாம் சரி.

அப்படியானால் மிச்சம் இருப்பது கேஸுக்கு மாற்றப் பொருத்திய சாமான்கள், அதாவது கேஸ் கிட். அதை மாட்டியது யார்?

எங்கள் ஃபோர்வீல் வாட்ஸ்அப் குரூப்பில் முப்பது பேர் இருப்போம். அதில் எழுதினேன். ‘நசீர் பாய் போட்ட கேஸ் கிட் சரியில்லை. மூணு தடவை ரோட்டுல நின்னுட்டேன். பார்த்துக்குங்க.’ அனுப்பிய சூட்டோடு ஏழெட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? மூன்று முறை வெயிலில் நின்ற கடுப்புக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

மறுநாள் பாய் போன் செய்தார். வண்டியைக் கொண்டு வரச் சொன்னார், பார்த்துவிடலாம் என்றார். நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது. நானே கண்டுபிடித்து, அவர் எங்கே தப்பு செய்தார் என்று அவருக்கே காட்ட வேண்டும் என்ற வீம்பும் இருந்தது.

அந்த மெசேஜ் எங்கே போய் அடித்தது என்பது பிறகுதான் தெரிந்தது. குரூப்பில் சேவியர் அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஐந்து வைத்திருக்கிறார். ஐந்தையும் கேஸுக்கு மாற்ற நசீர் பாயிடம் பேசி முடித்திருந்தார். பாயின் பட்டறைக்கு அது சில மாதத்து வேலை. என் மெசேஜைப் பார்த்துவிட்டு நிறுத்தி வைத்தார்.

இதை எனக்குச் சொன்னது அவருடைய தங்கை ஜெனிஃபர். என் தோழி, கிளினிக்கில் வேலை. போன சனிக்கிழமை நாங்கள் இருவரும் பாலோவுக்குக் கிளம்பினோம். அவளுடைய பெரியம்மா மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மரத் தொட்டில் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தொட்டில் காரில் நுழையாது. என் வண்டியில் நுழையும்.

குளுவாங் தாண்டுவதற்குள் இரண்டு முறை நின்றோம். மூன்றாவது முறை நின்றது பாலோவுக்குப் போகும் சாலையில், இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், நடுவில் நாங்களும் ஒரு தொட்டிலும். பகல் பதினொரு மணி. தார் ரோட்டிலிருந்து அனல் எழும்பிக்கொண்டிருந்தது.

பானெட்டைத் திறந்துவிட்டு நிழலில் உட்கார்ந்தபோதுதான் ஜெனிஃபர் சொன்னாள். அவள் அண்ணன் இனிமேல் காத்திருக்கப் போவதில்லையாம். இன்று சாயங்காலமே ஐந்து வேனையும் வேறொரு பட்டறைக்குப் பேசி முடிக்கப் போகிறாராம். நல்லதுதான் என்றேன். அதை நான் சொன்னேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

அவள் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் ஒற்றிக்கொண்டே எழுந்துபோய் இன்ஜினை எட்டிப் பார்த்தாள். வண்டி விஷயம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் கண்ணில் பட்டதைக் கேட்டாள்.

“ஏய், இங்க வா. இந்த டப்பா மேல ஏன் ஐஸ் கட்டியிருக்கு?”

ஐஸா? இந்த வெயிலிலா? அவளுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஐஸ்தான். இன்ஜின் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்க, ஒரு முழம் தள்ளி, கேஸ் ரெடியூசர் மேல் ஃபிரீசர் அறையில் படிவதுபோல் வெள்ளையாகப் பனி. விரலால் சுரண்டினேன். நகத்தோடு வந்தது.

ரெடியூசர் என்பது வேறொன்றுமில்லை. சிலிண்டரில் பயங்கர அழுத்தத்தில் அடைத்து வைத்த வாயுவை இன்ஜின் தாங்கும் அளவுக்குத் தணித்து அனுப்பும் டப்பா. அழுத்தம் சட்டென்று குறைந்தால் வாயு குளிரும். சென்ட் ஸ்பிரேயை விடாமல் அழுத்திப் பாருங்கள், டப்பா கையில் ஜில்லென்று இருக்கும். அதுவே ஹைவே வேகத்தில் இருபது நிமிடம் நடந்தால்? உறையும். வழி அடைபடும். வண்டி நிற்கும். கால் மணி நேரம் வெயிலில் நின்றால் உருகும். மறுபடி ஓடும்.

அது உறையாமல் இருக்கத்தான் இன்ஜினின் சுடுதண்ணீரை அதற்குள் சுற்ற விடுவார்கள். எந்தக் குழாய் வழியாக?

ரெடியூசரிலிருந்து தொங்கிய குழாயைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். அது முடிந்த இடத்தில் ஒன்றுமில்லை. வாய் பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிய கை என்னுடையது. நசீர் பாய் ஹீட்டர் குழாயை நடுவில் மறித்து, அந்தச் சுடுதண்ணீர் ரெடியூசரைத் தொட்டுவிட்டுப் போகும்படி மாட்டியிருந்திருக்கிறார். நான் ஹீட்டரை மட்டும் துண்டித்ததாக நினைத்து இரண்டையும் துண்டித்திருக்கிறேன். குளிர் நாட்டில் இருக்கும் ஒருவர் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டார். ஹீட்டர் எதற்கு என்று கேட்க நம் ஊர் வெயில் வேண்டும்.

நான் முழித்த முழியைப் பார்த்து ஜெனிஃபர் என்ன என்றாள். சொன்னேன். அவள் ஒரு வழி சொன்னாள்.

“பேசாம குழாயை மாட்டிரு. குரூப்புல ‘சரியாயிடுச்சு’ன்னு ஒரு வரி போடு. யாரு தோண்டப் போறா?”

உண்மையைச் சொல்கிறேன் — போனை எடுத்து ‘சரியாயி’ வரை டைப் செய்தேன். அந்த ஒரு வரியில் பொய் எதுவும் இல்லை. வண்டி சரியாகிவிட்டது, நல்ல செய்திதானே? ஆனால் சாயங்காலம் சேவியர் அண்ணன் பேசி முடிக்கப் போகும் இடம் அந்த வரியால் மாறாது. அழித்துவிட்டு, நசீர் பாய்க்குப் போன் போட்டேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே அவர் முதலில் கேட்டது இது.

“ரெண்டு பேரும் நிழல்ல நிக்கிறீங்களா?”

“நிக்கிறோம் பாய்.”

“இன்ஜின் ஆறட்டும். சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறந்துறாதே.”

திறக்க மாட்டேன் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

“அந்த மெசேஜை வீட்ல பார்த்துட்டு என்கிட்ட காட்டினாங்க, தங்கச்சி. நீ படிச்ச பிள்ளை, சும்மா எழுத மாட்டேன்னு நெனச்சேன். போன மாசம் பண்ண ரெண்டு வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு, பிரிச்சுப் பார்த்தேன்லா. எங்கேயாச்சும் என் கை தவறியிருக்குமோன்னு.”

அவர் கோபப்பட்டிருக்கலாம். இரண்டு திட்டுத் திட்டியிருக்கலாம். என் தப்புக்கு அவர் தன் வேலையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்! நானோ என் வேலையை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. மூன்று கேள்வி கேட்டேனே வண்டியிடம்... நாலாவதாக, கடைசியாகக் கை வைத்தது யார் என்று கேட்டிருந்தால் முதல் தடவை நின்ற அன்றே முடிந்திருக்கும். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான். அடுத்தவர் போட்ட முடிச்சு கண்ணுக்குத் தெரிகிறது; நாம் அவிழ்த்தது தெரிவதில்லை.

இன்ஜின் ஆறிய பிறகு வேலையை ஆரம்பித்தேன். நான் மாட்டிய வளைந்த குழாயைப் பிடுங்கினேன். இன்ஜினிலிருந்து ரெடியூசருக்கு ஒரு குழாய். ரெடியூசரிலிருந்து ஹீட்டருக்குப் போனதை அங்கே கழற்றி, இழுத்துப் பிடித்து நேராக இன்ஜினுக்கே கொண்டுவந்தேன். ஒழுகும் ஹீட்டர் மட்டும் வெளியே. இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். குறைந்த தண்ணீரை ஜெனிஃபரின் பாட்டிலிலிருந்து ஊற்றினோம். ஊற்றும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. முக்கால் மணி நேரம் ஆனது.

கிளம்புவதற்கு முன், ஐஸ் கட்டிய ரெடியூசரை எடுத்து வைத்திருந்த போட்டோவையும், என் கை துண்டித்த குழாயின் போட்டோவையும் குரூப்பில் போட்டேன். கீழே எழுதினேன்: ‘கிட் மேல தப்பில்லை. தண்ணிக் குழாயைக் கழட்டினது நான். நசீர் பாய் பேரை இழுத்ததும் நான். ரெண்டுக்கும் மன்னிச்சுக்குங்க.’

இந்த முறை கட்டைவிரல் எதுவும் உடனே எழவில்லை. பிறகு ஒருவர் கேட்டார், ஜொகூரில் ஐஸ் கடை வைக்க லைசென்ஸ் வாங்கியாச்சா என்று. இன்னொருவர், ‘தங்கச்சி, எங்க வண்டி ரிப்பேர்னா உங்ககிட்ட சொல்லவே மாட்டோம்’ என்று எழுதினார். வாங்கிக்கொண்டேன்.

மிச்ச வழியில் வண்டி நிற்கவில்லை. பாலோவில் இறங்கி ரெடியூசரைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் கையைச் சுட்டுக்கொண்டதில்லை. உள்ளே தொட்டிலை மாட்டுவதற்குள் சேவியர் அண்ணனின் போன் வந்தது. அவர் நீட்டி முழக்குகிற ஆள் இல்லை.

“போட்டோ பார்த்தேன். அன்னைக்கு நீ சொன்னதையும் நம்பினேன், இன்னைக்கு சொல்றதையும் நம்பணுமா? சும்மா சொல்லாதே. நசீர் பாயைப் பக்கத்துல வச்சு பாலோ வரைக்கும் ஓட்டிக் காட்டு. நான் பின்னாடியே வர்றேன். நிக்காம போய்த் திரும்பினா, அஞ்சு வேனும் அவருக்குத்தான்.”

நியாயம்தான். வேறொரு பட்டறைக்கு ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டாராம். நசீர் பாயிடம் சொன்னேன். சரி என்றார். அவருடைய வேலைக்கு அவர் பயப்படவில்லை; என்னுடைய குழாய் இணைப்பைத்தான் இரண்டு முறை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்.

இந்தச் சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு மாசாயிலிருந்து கிளம்புகிறோம். வழியில் வண்டி நின்றால் முதலில் யாரைச் சந்தேகப்படுவது என்று பாய் நேற்றே கேட்டுவிட்டார்.

என்னைத்தான் என்றேன்.