கியர் தகட்டுக்கு வைத்த பொட்டு

காலை பத்தே கால் மணிக்கு முத்துப்பிரியாதான் போன் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவாரா என்று கேட்பதற்காக. எடுத்தது அவள் கணவன் ராஜ்கமல் இல்லை.

"யாரும்மா நீங்க? இந்த போன்காரரு ஒங்களுக்கு என்ன வேணும்?"

"என் வீட்டுக்காரரு. நீங்க யாரு?"

"குரங்கணி டீக்கடைங்க. நீங்க வெரசா போடி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. டீ சொல்லிட்டுப் பெஞ்சுல சாஞ்சவரு, எழுப்புனா எந்திரிக்கல. இப்பத்தான் ஜீப்புல ஏத்தி அனுப்புனோம். போனு இங்ஙனயே கெடந்துச்சு."

"டீயக் குடிச்சாரா?"

அதை ஏன் கேட்டாள் என்று இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை. அந்த மனிதரும் அதற்குப் பதில் சொன்னார்.

"இல்லம்மா. ஆத்திக்கிட்டு இருந்தேன்."

ஆஸ்பத்திரியில், வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். மாரடைப்பு. ராஜ்கமலுக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவனில்லை. நர்ஸ் அவன் சட்டைப்பையில் இருந்ததைக் கையில் கொடுத்தாள். ஒரு சீப்பு. செய்தித்தாள் துண்டில் மடித்த இரண்டு பழைய ரிவிட்டாணிகள்.

முத்துப்பிரியா ஆணிகளை எண்ணிப் பார்த்தாள். இரண்டு. தேடிப் போனது கிடைத்துவிட்டது போல என்று நினைத்தாள். பொட்டலத்தை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ராஜ்கமலின் அப்பா எஸ்டேட்டுக்கு ஆளேற்றும் ஜீப்பு ஓட்டியவர். மகன் ஓட்டப் போகவில்லை, பழுது பார்க்கப் போனான். வீட்டு வாசலிலேயே தகரக் கொட்டகை போட்டு, மலையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஜீப்புகளையும் கார்களையும் ஃபேக்டரியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படித் திருப்பிக் கொடுப்பது அவன் சோலி. எஞ்சின் பார்க்க, பெயிண்ட் அடிக்க போடியில் வேறு ஆட்களும் உண்டு. லேபிள் விஷயத்தில்தான் அவனுக்குக் கிறுக்கு. டயருக்கு எவ்வளவு காற்று என்று சொல்லும் தகடு, எண்ணெய் மாற்றச் சொல்லும் ஸ்டிக்கர், கியர் எந்தப் பக்கம் விழும் என்று காட்டும் அலுமினியத் தகடு எல்லாம் முதலில் இருந்த இடத்திலேயே மறுபடி உட்கார வேண்டும். மாமன் மச்சான்கள் அவனை 'ஸ்டிக்கர் மாப்ளே' என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒருமுறை ஒரு காரின் ஏர் ஃபில்டர் மேல் லேபிளைக் கோணலாக ஒட்டிக்கொண்டிருந்தான். காபி கொண்டு வந்த முத்துப்பிரியா சிரித்தாள்.

"கண்ணாடி போடுற வயசு வந்துருச்சு போல. கோணையா இருக்குங்க."

"ஃபேக்டரில ஒட்டுனவன் டீ குடிக்கப் போற அவசரத்துல ஒட்டிருக்கான் பிரியா. கழட்டும்போது இப்படித்தான் இருந்துச்சு. நாம யாரு அவன் டீயக் கெடுக்க?"

கொட்டகையில் கடைசியாக நின்றது ஜோசுவாவின் ஜீப்பு. ஜோசுவா ஏலக்காய் வியாபாரி. ஜீப்பு அவருடைய இறந்துபோன அப்பாவுடையது. மதுரையில் நடக்கும் பழைய வண்டிகள் காட்சிக்கு அதைக் கொண்டுபோக ஆசைப்பட்டார். எல்லா லேபிளும் இடம் சேர்ந்தாயிற்று, கியர் தகட்டைத் தவிர. தகடு கையில் இருந்தது, அது இருந்த இடம்தான் தெரியவில்லை. வேறு லேபிள்களுக்கு அடியில் பழைய பெயிண்ட் வெளுக்காமல் தடம் காட்டியது. ஆனால் டேஷ்போர்டை எவனோ முன்பே சுரண்டி, ஓட்டைகளை அடைத்துப் பூசியிருந்தான். "வேற ஜீப்ப அளந்து அடிச்சிருங்க" என்று ஜோசுவாவே சொன்னார். ராஜ்கமல் கேட்கவில்லை. ஃபேக்டரியில் தகட்டைக் கையில் பிடித்துத் துளை போட்ட காலம் அது, வண்டிக்கு வண்டி விரலளவு மாறும் என்றான்.

அந்த ஜீப்பை முப்பது வருஷம் ஓட்டிய சுருளியைத் தேவாரம் ஊரிலிருந்து கூட்டி வந்தான். ஆயுத பூசைக்கு ஓட்டுநர்கள் ஸ்டியரிங்குக்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் சந்தனம் வைப்பது இங்கே வழக்கம். அந்தத் தகட்டின் இரண்டு ஆணித்தலையிலும் சுருளி வருஷா வருஷம் சந்தனம் வைத்தவர்.

"கண்ண மூடிக்கங்கண்ணே. இன்னைக்கு ஆயுத பூசைன்னு நெனச்சுக்கங்க. சந்தனத்தத் தொட்டு வைங்க பாப்பம்."

சுருளி சிரித்தபடி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். கட்டைவிரல் ஒரு தயக்கமும் இல்லாமல் போய் இரண்டு பொட்டு வைத்தது. ராஜ்கமல் தகட்டை மேலே பிடித்துப் பார்த்தான். இரண்டு ஓட்டைக்கும் இரண்டு பொட்டு அச்சாகப் பொருந்தின. அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"அளந்து குறிச்சுக்கங்களேன்" என்றாள் முத்துப்பிரியா.

"பெயிண்டு இன்னும் நல்லா இறுகல. ஸ்கேல வச்சாக் கோடு விழும். காலைல போய் குரங்கணில கெடக்குற ஒடசல் ஜீப்புல ரெண்டு பழைய ரிவிட்டாணி கழட்டியாறேன். வந்து வெளிச்சத்துல போட்டோ எடுத்து, துளை போட்டு அடிச்சிருவோம். சந்தனம் எங்க ஓடிரப் போகுது?"

மறுநாள் மத்தியானம் அவனையே வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். கிடத்த இடம் வேண்டி, ஜீப்பைக் கொட்டகையிலிருந்து தெருவுக்குத் தள்ளினார்கள். முத்துப்பிரியா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. யார் யாரோ வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் கைக்குள் ஆணிப் பொட்டலம் வியர்த்துக்கொண்டிருந்தது.

ராஜ்கமலின் அத்தை ஆயம்மாள் ஈரத்துணியோடு தெருவிலிருந்து உள்ளே வந்தாள். துணியில் மஞ்சளாக ஏதோ இருந்தது.

"எதத் தொடச்சீக அத்தை?"

"எழவு வீட்டு வாசல்ல சந்தனப் பொட்டோட வண்டி நிக்கலாமா ஆத்தா? பாக்குறவுக என்ன சொல்லுவாக? நல்லா அழுத்தித் தொடச்சுட்டேன்."

முத்துப்பிரியா எழுந்து ஓடினாள். தலைமாட்டை விட்டு அப்படி எழுந்து போகக் கூடாது என்று யாரோ கத்தினார்கள். ஜீப்புக்குள் ஏறி டேஷ்போர்டில் முகத்தை வைத்துத் தேடினாள். பச்சைப் பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. மோந்து பார்த்தாள். சந்தன வாசனை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே சீராக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு முதல் சத்தம் வெளியே வந்தது.

அவள் நெற்றிப் பொட்டை யார் துடைத்தார்கள், எந்த நேரத்தில் துடைத்தார்கள் என்பது அவள் நினைவில் இல்லை. டேஷ்போர்டைத் துடைத்தது மட்டும் இருக்கிறது.

பதினாறு முடிந்து ஜோசுவா வந்தார். வண்டியைப் பற்றி அவர் பேசும் முன் அவளே சொன்னாள்.

"அவரு கண்டுபிடிச்ச எடத்துல அந்தத் தகட்ட அடிச்சுத்தாண்ணே ஒங்க வண்டியக் குடுப்பேன். அவரு செஞ்சதுல அது ஒண்ணுதான் பாக்கி. சுருளி அண்ணனக் கூட்டியாங்க."

சுருளி வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. கண்ணை மூடிச் சந்தனத்தைத் தொட்டு வைத்தார். முத்துப்பிரியா தகட்டைப் பிடித்தாள். ஒரு ஓட்டைதான் பொருந்தியது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். பொட்டுகள் இடப்பக்கம் தள்ளி விழுந்தன. மூன்றாவது முறை சந்தனம் இழுபட்டது.

"அன்னைக்கி யோசிக்காம வச்சேன் தாயி. இன்னைக்கி யோசன வருது. கண்ண மூடுனா அவரு மொகந்தான் நிக்கிது."

கொட்டகை வாசலில் நின்றிருந்த ஆயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முறைப்படி செய்ய வேண்டியதைத்தான் அவள் செய்திருந்தாள்.

"கோயம்புத்தூர்ல இதே வருசத்து வண்டி ஒண்ணு இருக்கு தங்கச்சி" என்றார் ஜோசுவா. "போய் அளந்துட்டு வரவா?"

"அது அந்த வண்டியோட எடம்ணே."

ஜோசுவா தலையாட்டினார். காட்சிக்கு வரவில்லை என்று மதுரைக்கு அங்கேயே நின்று போன் செய்தார். சாவியைத் திருப்பி வாங்காமல் போனார்.

ஜீப்பு கொட்டகையில்தான் நிற்கிறது. மற்ற லேபிள்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கியர் தகடும் இரண்டு ரிவிட்டாணிகளும் ஓட்டுநர் இருக்கை மேல், ஜோசுவாவின் ஏலக்காய்க் கடைக் காகித உறைக்குள் இருக்கின்றன. டேஷ்போர்டில் துளை இன்னும் போடவில்லை.